1000/6000 தண்ணிக்கல்: ஒரு பழைய ஓடாவியின் அபிப்பிராயம்

எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் விட்டு உளி தீட்டுகிற இருபக்கக் கல் ஒன்றை மருமகன் கொழும்பிலிருந்து கொண்டுவந்து தந்தார். விலையைக் கேட்டால் சிரிக்கிறார். பெட்டி முழுக்கச் சீன எழுத்து. எனக்கு விளங்கியது இரண்டு எண்கள்தான். கரடான பக்கம் 1000, மழமழப்பான பக்கம் 6000; எண் கூடக் கூடக் கல்லின் மணி நைசாகும். நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் மூன்று விரலுக்குக் கொஞ்சம் மேல். அடியில் வைக்க ஒரு மூங்கில் தட்டும் இருக்கிறது. மாரி முழுக்கப் பாவித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

என் பழக்கத்தை முதலில் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். மாமாவிடம் உளி பிடிக்கப் பழகி, முழங்கால் மடக்க ஏலாமல் போகும் மட்டும் கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் தச்சுவேலை செய்தவன் நான். அவ்வளவு காலமும் என்னிடம் இருந்தது நடுவில் குழி விழுந்த காபரண்டம் கல்தான். இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுத் தீட்டுவோம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்து, ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துத் திரி எரித்த நாட்களில் கல்லுக்கு எண்ணெய் விட்டால் வீட்டில் சண்டை. அதனால் எண்ணெய்க் கல்லிலேயே தண்ணீரை விட்டோம். இரும்புத்தூள் அடைத்துக்கொண்டு வழுக்கும். வழுக்க வழுக்கத் தீட்டினோம்.

2012க்குப் பிறகு, போரில் வீடிழந்த சனத்துக்கு இந்திய அரசு காசு கொடுத்த இந்திய வீட்டுத்திட்டம் வேகம் பிடித்தபோது நிலைமை வேறு. ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா, 550 சதுர அடி. அந்தக் காசுக்குள்தான் கதவு, யன்னல் எல்லாம். கூரை போட்டு முடித்த சனம் கதவு நிலை எங்கே என்று படலையில் வந்து நிற்கும். கூலி கதவுக்குத்தான், உளி தீட்டுகிற நேரத்துக்கு ஆரும் தருவதில்லை. உளி மொட்டையானால் கல்லில் நாலு இழுவை, பிறகு கொட்டாப்புளியால், அதுதான் மரச் சுத்தியலால், ஓங்கி அடிக்கிறதுதான்.

இந்தக் கல் அந்த அவசரத்துக்கு ஒத்துவராது. 1000 பக்கத்தைத் தண்ணீரில் பத்து நிமிடமாவது ஊறவிட வேண்டும், குமிழி வருவது நிற்கும் மட்டும். 6000 பக்கத்துக்கு மேலே தெளித்தால் போதும். நான் ஒரு தட்டில் தண்ணீர் விட்டு, 1000 பக்கம் மட்டும் நனையும்படி கவிழ்த்து வைக்கிறேன். பிறகு உளியை ஏறத்தாழ 25, 30 பாகைச் சரிவில் பிடித்து, கை ஆடாமல் இழுக்க வேண்டும். கல்லில் சாம்பல் நிறச் சேறு வரும். அதைக் கழுவிவிடாதீர்கள், வெட்டுகிறதே அந்தச் சேறுதான். முனையின் மறுபக்கத்தை விரலால் தடவிப் பார்த்தால் பிசிறு தட்டுப்படும். முனை முழுக்க அது வந்த பிறகுதான் 6000க்குப் போகவேண்டும். அதில் கொஞ்ச நேரம் இழுத்து, முதுகுப் பக்கத்தையும் தட்டையாக வைத்துத் தேய்த்தால் பிசிறு போய்விடும்.

வந்த கூர் எப்படி என்றால், வேப்பங்கட்டையின் வெட்டுமுகத்தைச் சீவினேன், தூள் கொட்டாமல் சுருளாக வந்தது. முதிரையில் நார் இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடும். சீவுளி அலகு கொஞ்சம் மழுங்கினாலும் பிய்த்துவிடும். இந்தக் கல்லில் தீட்டிய அலகு பிய்க்கவில்லை. மரம் தேய்க்கிற கண்ணாடித்தாள் போடத் தேவையில்லாத முதிரைப் பலகையை நான் என் கையால் சீவி இப்போதுதான் பார்க்கிறேன். பாலை வேறு கதை. தண்ணீரில் போட்டால் தாழுகிற மரம், எந்த உளியின் கூர்மையையும் கெதியாய்த் தின்றுவிடும். அதற்குக் கல்லைக் குறை சொல்லக்கூடாது.

இன்னொன்று, இந்தக் கல் உளியின் சாதியைக் காட்டிக்கொடுக்கிறது. 2009 தொடக்கத்தில் சண்டைக்குப் பயந்து வட்டக்கச்சியை விட்டு வெளிக்கிட்டபோது தச்சு ஆயுதப்பெட்டியும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏறியது. விசுவமடு தாண்டி எங்கேயோ அரிசி மூட்டைக்கு இடம் விட இறக்கினோம். மாமா தந்த உளிகளெல்லாம் அதற்குள். மீளக் குடியேறியபோது உதவியாக வந்த உளிகளில் பாதி, 6000இல் முகம் தெரிய மினுங்குகின்றன, மரத்தில் நாலு தட்டுத் தட்ட முனை மடிகிறது. உருக்குச் சரியில்லை. அவற்றைத் தீட்டிக் கல்லைத் தேய்க்க வேண்டாம்.

குறைகளும் இருக்கின்றன. கல் மெது. உளியை ஒரே இடத்தில் இழுத்தால் கெதியாகக் குழி விழும். தடித்த கண்ணாடித் துண்டின்மேல் தண்ணீர்க் கண்ணாடித்தாளை விரித்து, கல்லை அதில் தேய்த்து அடிக்கடி மட்டம் எடுக்க வேண்டும். மூங்கில் தட்டு சீமெந்து விறாந்தையில் ஓடுகிறது, பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி அடியில் ஒட்டியிருக்கிறேன். முனை உடைந்த உளிக்கு 1000 பக்கம் காணாது, முதலில் சாணை பிடித்தாக வேண்டும். அகப்பை குடைகிற வளைந்த உளியின் உள்பக்கத்தைத் தட்டைக் கல்லில் தீட்டவே ஏலாது. அதற்குத் தடியில் சுற்றிய கண்ணாடித்தாள்தான்.

அகப்பை குடைகிறதும் பேரனுக்கு மாட்டுவண்டி செய்கிறதும்தான் இப்போது என் வேலை. சில்லுக்குப் பழைய முதிரை நிலைகளின் துண்டுகள், புது மரம் எடுக்க அனுமதிக்கு அலைய வேண்டாம். பின்னேரத்தில் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் மேசன், இப்போது கத்தரிக்கன்றையும் நூல் பிடித்துத்தான் நடுகிறார். மற்றவர் மெக்கானிக், தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட வைத்த கை. ஓய்வில் ஒரே எஞ்சினைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருக்கிறார், அதில் ஒரு பழுதும் இல்லை.

"என்ன ஓடாவியார், உளியில முகம் பாக்கிறியளோ?"

"வேலை செய்யேக்க பாக்க நேரம் கிடைக்கேல்லை அண்ணை."

கேட்ட மெக்கானிக் கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கையில் இருந்த மயிரை உளியால் வழித்து, மறுபேச்சில்லாமல் வைத்தார். அதற்குப் பிறகு அயலில் ஓலைப்பெட்டி இழைக்கிற ஆச்சிமாரின் சத்தகமும், ஓலை வார்கிற சின்னக் கத்தி, என் விறாந்தைக்கு வரத் தொடங்கியது. சத்தகத்துக்கு இந்தக் கல் அருமை. அலகு சின்னன், 6000இல் கொஞ்ச நேரத்திலேயே முடிந்துவிடும். காட்டுக்கத்தி, கோடாலி கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறேன், கல் தாங்காது.

தொழிலில் நிற்கிற பெடியளுக்கு இதை வாங்கச் சொல்லமாட்டேன். டயமண்ட் தட்டு வாங்குங்கள், ஊறவிடத் தேவையில்லை, குழியும் விழாது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிற ஆட்கள் தாராளமாக வாங்கலாம். வாங்கும்போது ஒரு தடித்த கண்ணாடித் துண்டையும் சேர்த்து வெட்டுவித்து எடுங்கள். பாவித்தபின் நிழலில் காயவிடுங்கள், எங்கள் வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

மெக்கானிக்குக்கும் ஒன்று வேண்டுமாம், மருமகனிடம் சொல்லியிருக்கிறேன். என்னத்தைத் தீட்டப்போகிறார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.