கூஸ் வாத்து ‘ஜோடி’ வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

கூஸ் வாத்து ஜோடி வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். ‘முட்டை பொரிக்கும் ஜோடி’ என்று எனக்கு விற்கப்பட்ட இரண்டுமே பெட்டை. அது தெரியவர ஒரு முட்டைப் பருவமே போய்விட்டது.

கூஸில் ஆணும் பெட்டையும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சீன இனம் போன்ற சிலவற்றில் மட்டும் அலகுக்கு மேலே இருக்கும் புடைப்பு ஆணுக்குப் பெரிதாக வளரும். நான் வாங்கியவை சீனக் கலப்பு. “இதுக்குப் பாருங்க, புடைப்பு பெருசா இருக்கு, இதுதான் ஆண்” என்றார் விற்றவர். பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரிந்தது, நம்பிவிட்டேன். இந்த வாரம் வைத்தது என்று சொல்லி ஆறு முட்டையும் கூடவே விற்றார்.

அந்த ஆறையும் இன்குபேட்டரில் வைத்தேன். 37.5 டிகிரி. படுக்கை வாட்டில் வைத்துத் திருப்பிவிட்டேன். ஒரு வாரம் கழித்து, தினமும் கொஞ்ச நேரம் ஆறவிட்டுத் தண்ணீரும் தெளித்தேன். பத்தாம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்தேன். கரு வளர்ந்திருந்தால் உள்ளே சிலந்தி கால் விரித்த மாதிரி சிவப்பு நரம்புகள் ஓடும். ஆறிலும் ஒரு இழைகூட இல்லை, மஞ்சளாக விளக்குப் போல ஒளிர்ந்தன. எல்லாம் கூமுட்டை.

போன் செய்தால், “உங்க இன்குபேட்டர்ல ஈரப்பதம் பத்தல” என்றார். இங்கேதான் நான் ஏமாந்தேன். ஈரப்பதம் குறைந்தால் வளர்ந்த கரு பாதியில் சாகும், பொரிக்கும் நேரத்தில் குஞ்சு ஓட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். கருவே கூடாத முட்டைக்கும் ஈரப்பதத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது அன்று எனக்குத் தெரியாததால் ஈரப்பதமானி வாங்கி வைத்தேன்.

சரி, தாயே அடைகாக்கட்டும் என்று விட்டேன். வைக்கோலில் முட்டைகள் வேகமாகச் சேர்ந்தன. ஒருநாள் காலையில் இரண்டு முட்டை, இரண்டும் கைக்குச் சூடாக இருந்தன. ஒரு கூஸ் பெட்டை பெரும்பாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் முட்டை வைக்கும். ஒரே காலையில் புதிதாக இரண்டு என்றால் பெட்டையும் இரண்டு. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறுவதைப் பார்த்திருந்தேன், அது ஆண் என்றே நினைத்துக்கொண்டேன். பெட்டைகள் மட்டும் சேர்ந்திருந்தாலும் அப்படி ஏறும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஒன்று அடையில் உட்கார்ந்தது. நெஞ்சுத் தூவியைப் பிய்த்து முட்டைகளை மூடிவிட்டு, நாளுக்கு ஒரு தடவை எழுந்து அவசரமாக நாலு வாய் தின்றுவிட்டு ஓடிவரும். மற்றது காவல் நின்றது. சுமார் 30 நாள் கணக்கு, பெரிய இனங்களுக்கு 35 வரை போகும். நான் 41ஆம் நாள் வரை காத்திருந்தேன். அன்று அதைத் தூக்கியபோது நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி கையில் குத்தியது. பணம் போனதைவிட எனக்கு இதுதான் தாங்கவில்லை.

கால்நடை மருத்துவர் எச்சத் துவாரத்தை விரித்துப் பார்த்து, ஒரு நிமிடத்தில் இரண்டும் பெட்டை என்று சொல்லிவிட்டார். விற்றவரின் பதில்: “பாத்துத்தானே வாங்கினீங்க?” அதற்கப்புறம் போனே எடுக்கவில்லை.

அதனால் புடைப்பை, நடையை, கழுத்து நீளத்தைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். துவாரத்தை உங்கள் கண்ணெதிரே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். தெரிந்தவர் கையில் அது பறவைக்கு வலிக்காது, தெரியாதவர் செய்தால் காயமாகிவிடும். ‘பொரிக்கும் ஜோடி’ என்கிறாரா? அதே ஜோடியின் புது முட்டை ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி அங்கேயே உடையுங்கள். கரு கூடியிருந்தால் மஞ்சள் கருவின் மேல் வெள்ளையாக வட்டம் தெளிவாகத் தெரியும், கூடாததில் சின்ன ஒழுங்கற்ற புள்ளி மட்டும் இருக்கும். முட்டை மட்டும் வாங்குகிறவர்கள், வைத்த தேதியைக் கேளுங்கள். ஒரு வாரம் தாண்டினாலே பொரிப்பு குறைய ஆரம்பித்துவிடும்.

கூட்டைக் கலைத்த பிறகும் அந்தப் பெட்டை இரண்டு நாள் அதே மூலைக்குப் போய் வைக்கோலை அலகால் இழுத்து இழுத்துப் பார்த்தது. இப்போது நன்றாகத் தின்கிறது, எடை ஏறியிருக்கிறது. ஆண் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன், மருத்துவரையும் அழைத்துக்கொண்டுதான் போவேன்.