சமூகவியலா, இனக்குழு ஆய்வா: அமெரிக்க முனைவர் படிப்பில் இரு வழிகள்

இனத்தையும் பாலினத்தையும் அமெரிக்காவில் முனைவர் பட்ட நிலையில் ஆராய விரும்புவோர், அவற்றைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு சமூகவியல் துறையில் சேரலாம். அல்லது கறுப்பினத்தவர், பூர்வகுடியினர் போன்ற இனக்குழுக்களின் வரலாற்றையும் வாழ்வையும் ஆராயும் இனக்குழு ஆய்வுத் (Ethnic Studies) துறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

சமூகவியலில் தொடக்க ஆண்டுகள் பெரும்பாலும் கோட்பாடு, புள்ளியியல், ஆய்வு முறைகள் ஆகிய கட்டாயப் பாடங்களிலும் தகுதித் தேர்வுகளிலும் கழியும். இதை வெறும் சுமையாகக் கருதக் கூடாது. பிலடெல்பியாவின் கறுப்பின மக்களைப் பற்றி 1899இல் நூல் வெளியிட்ட அமெரிக்கச் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ், வீடு வீடாகச் சென்று திரட்டிய தரவுகளைக் கொண்டுதான், அவர்களுடைய வறுமைக்குப் பிறவி இயல்பே காரணம் என்ற அக்கால எண்ணத்தை மறுத்தார்.

இனக்குழு ஆய்வுத் துறையோ போராட்டத்தில் பிறந்தது. 1968இல் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியிலும், அடுத்த ஆண்டு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலும் மாணவர்கள் நடத்திய வகுப்புப் புறக்கணிப்புகளே அதற்கு வழிவகுத்தன. வரலாறு, இலக்கியம், சட்டம் ஆகியவற்றை அங்கே ஒருங்கே வாசிக்கலாம். இனத்தையும் பாலினத்தையும் தனித்தனியே பார்த்தால் கறுப்பினப் பெண்கள் சந்திக்கும் பாகுபாடு கண்ணில் படாமலே போகிறது என்பதை கிம்பர்லே கிரென்ஷா 1989இல் சட்டத் துறையிலிருந்து எடுத்துக்காட்டியதை நினைத்தால், துறை எல்லைகளைக் கடக்கும் அந்தச் சுதந்திரத்தின் மதிப்பு புரியும். ஆனால் இத்துறையில் முனைவர் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகங்கள் சிலவே.

வேலைச் சந்தை, குடியிருப்புப் பிரிவினை போன்றவற்றை அளந்து ஆராய்பவருக்குச் சமூகவியலையும், ஆவணக் காப்பகங்களையும் வாய்மொழி வரலாற்றையும் நாடுபவருக்கு இனக்குழு ஆய்வையும் பரிந்துரைப்பேன்.