மோட்டார் காயில் கட்ட தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசத்தில் ஒரு நம்பிக்கையான கடை

கபிஸ்தலம் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரும்வரை குறுவை நாற்றங்காலுக்கு பில்டர் பாயிண்ட் (ஆழம் குறைந்த குழாய்க்கிணறு) தண்ணீர்தான். அந்த நேரம் பார்த்து 5 எச்பி மோட்டார் எரிந்துவிட்டது. முதலில் கொடுத்த இடத்தில் சுவர் நிறைய சான்றிதழ்கள். காயில் கட்டித் தந்தார்கள். பன்னிரண்டாம் நாள் மறுபடியும் புகை.

அப்புறம்தான் பாபநாசம் கடைத்தெருவில் இருக்கும் இந்தக் கடைக்கு வந்தேன். மூத்த மெக்கானிக் எட்டாவது வரை படித்தவர், முப்பது வருஷ வேலை. மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். "ரெண்டு பேஸ் காயில் கருகிடுச்சு, மூணாவது புதுசாட்டம் இருக்கு பாருங்க. ஸ்டார் கனெக்‌ஷன்ல இப்படி எரிஞ்சா, மூணு பேஸ் கரண்ட்ல ஒரு பேஸ் வராம ஓடியிருக்குன்னு அர்த்தம். அதைச் சரி பண்ணாம நான் கட்டிக் கொடுத்தாலும் எரியும்ணே." வீட்டுக்கு வந்து பார்த்தால் மோட்டார் கொட்டகையில் ஒரு பியூஸ் கேரியர் தளர்ந்து தீய்ந்து கிடந்தது. அதை மாற்றி, ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் பிரிவென்ட்டரும் போட்டுவிட்டோம். எட்டு மாதமாக ஓடுகிறது.

நான் உட்கார்ந்திருந்தபோது டிப்ளமோ முடித்த பையன் ஒருவன் பைலோடு வேலை கேட்டு வந்தான். முதலாளி பைலைத் தொடவில்லை. எரிந்த ஸ்டேட்டர் (மோட்டாரில் காயில் இருக்கும் சுழலாத பகுதி) ஒன்றை முன்னால் வைத்து, "பழைய காயிலை அறுக்குறதுக்கு முன்னாடி என்னென்ன எழுதி வெச்சுக்கணும், சொல்லு" என்றார். சுற்று எண்ணிக்கை, கம்பி கேஜ், கனெக்‌ஷன் என்றான். எத்தனை ஸ்லாட் (காயில் உட்காரும் பள்ளம்) தள்ளிக் காயில் இறங்குகிறது என்பதை விட்டுவிட்டான். அதைச் சொல்லிக் கொடுத்து, திங்கட்கிழமை வரச் சொன்னார்.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. என் அக்கா மகன் பி.இ. முடித்து இரண்டு வருஷமாக அலைகிறான். போகிற இடமெல்லாம் "அனுபவம் இருக்கா?" என்கிறார்கள், அதைக் கொடுக்க ஆளில்லை. இந்தக் கடையில், போனிலேயே மோட்டாரைப் போடும் மொபைல் ஸ்டார்ட்டர் பேனல் வேலையெல்லாம் ஒரு இன்ஜினியர் பையன்தான் பார்க்கிறான். அவனும் முதல் ஆறு மாதம் காயில் சுற்றியவன். படிப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆள் எடுக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது கையைத்தான்.

குறையும் உண்டு. குறுவை நேரத்தில் நான்கு நாள் காத்திருக்க வேண்டும். எனக்கு 5,800 ரூபாய் ஆனது, துண்டுச் சீட்டில்தான் எழுதித் தந்தார்கள். வாரண்டியைக் கேட்டு எழுதி வாங்குங்கள். போகும்போது ஸ்டார்ட்டரையும் பியூஸ் கேரியரையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், மெக்கானிக் அதைத்தான் முதலில் கேட்பார்.