பன்னிரண்டாவது பாட்டுக்கு அப்புறம்

பிரிட்டிஷ் பாடகர் கேரி நியூமனின் ‘தி பிளான்’ ஆல்பத்தின் குறுந்தட்டில், 1999இல் வந்த மறுவெளியீட்டில், எனக்கு ஒரே ஒரு மனக்குறை. பன்னிரண்டாவது பாட்டோடு ஆல்பம் முடிகிறது, தட்டு முடிவதில்லை. மூச்சு விடுவதற்குள் போனஸ் பாட்டுகள் ஆரம்பித்துவிடும். எழுந்து போய் நிறுத்த வேண்டும். வாங்கிய காலத்திலிருந்து இதே கதைதான்.

இதே குறுந்தட்டின் பழைய பிரதி ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். அவருக்கு நியூமனின் பிரபலமான ‘கார்ஸ்’ பாட்டு தெரியும், முகத்தில் சலனமே இல்லாமல் சின்தசைசருக்கு முன்னால் நிற்கும் நியூமனைத் தெரியும். இது அந்த ஆள் இல்லை என்று முதலில் சொன்னேன். இந்தப் பாட்டுகள் பதிவானது 1978இல். லண்டனில் கிதாரோடு வந்த எல்லோருக்கும் பங்க் என்ற முரட்டு ராக் இசையின் கதவு திறந்திருந்த நேரம். நியூமனுக்கு அப்போது வயது இருபதுதான் இருக்கும். பங்க் மேல் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. ஒப்பந்தம் கிடைக்க அதுதான் வழி என்று அவரே பின்னாளில் ஒத்துக்கொண்டிருக்கிறார். டியூப்வே ஆர்மி என்ற பெயரில் ஒரு குழு. பாஸ் கிதார் வாசிக்க பால் கார்டினர், டிரம்ஸுக்குச் சொந்த மாமா. மூன்றே பேர்.

அந்த வருடம் பதிவான டெமோக்கள், அதாவது மாதிரிப் பதிவுகள், அப்படியே கிடப்பில் போய்விட்டன. காரணம் தெரிந்ததுதான். முதல் ஆல்பத்துக்காகக் கேம்பிரிட்ஜில் ஸ்பேஸ்வார்ட் ஸ்டுடியோவுக்குப் போனபோது, வேறு யாருக்கோ வந்திருந்த மினிமூக் சின்தசைசர் ஒன்று அங்கே இருந்தது. ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தார், அறையே அதிர்ந்தது. பங்க் ஆல்பம் எடுக்கப் போனவர் வேறொன்றோடு திரும்பினார். அடுத்த வருடமே ‘ஆர் ஃப்ரெண்ட்ஸ் எலெக்ட்ரிக்?’ பிரிட்டனில் முதலிடம்.

டெமோக்கள் 1984இல்தான் ‘தி பிளான்’ என்ற தட்டாக வந்தன. நியூமன் அதற்குள் பழைய நிறுவனத்தை விட்டு விலகி, சொந்தமாக ஒன்று தொடங்கியிருந்தார். ‘தி பிளான்’ பிரிட்டிஷ் பட்டியலில் 29ஆம் இடம் வரை போனது. சில வாரங்கள் கழித்து வந்த அவருடைய புது ஆல்பம் ‘பெர்செர்கர்’ 45ஐத் தாண்டவில்லை. ஆறு வருடப் பழைய மிச்சம் புதுச் சரக்கை முந்திவிட்டது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

சரி, பாட்டுக்கு வருகிறேன். ஒலி மெலிசு. ஸ்னேர் டிரம் தகர டப்பா மாதிரி கேட்கும், குரல் சில இடங்களில் கிதாருக்குள் மூழ்கிவிடும். முதல் தடவை கேட்டபோது காசு போச்சே என்றுதான் தோன்றியது. நல்ல ஹெட்ஃபோனில் போட்டுக் கேட்ட பிறகு மனசு மாறியது. அந்தக் கிதாரைக் கவனியுங்கள். இரண்டே ஸ்வரத்தில் ஒரு பவர் கார்டு, மேலிருந்து கீழாக மட்டும் அடி, திடீரென்று ஒரு நிறுத்தம், திரும்ப அதே அடி. சோலோ வாசிக்கும் ஆசையே தெரியாது. ‘மை ஷேடோ இன் வெய்ன்’ பாட்டை இதில் ஒரு தடவை, 1978 நவம்பரில் வந்த முதல் ஆல்பத்தில் ஒரு தடவை, அடுத்தடுத்துக் கேட்டால் விஷயம் பிடிபடும். மினிமூக் வந்ததால் நியூமன் புதிதாக எழுதப் பழகவில்லை. கிதாருக்கு எழுதிய அதே முரட்டுத் துண்டுகளை சின்தசைசருக்குக் கொடுத்துவிட்டார். சின்த் பாப் என்று பிறகு எல்லோரும் கொண்டாடிய அந்த விறைப்பு, சின்தசைசரைத் தொடுவதற்கு முன்பே அவர் கையில் இருந்திருக்கிறது.

பால் கார்டினரையும் சொல்ல வேண்டும். மெலிந்த பதிவிலும் அவர் பாஸ் மட்டும் கனமாக நிற்கிறது. 1984 பிப்ரவரியில் அவர் இறந்தார். அதே வருடம்தான் இந்தத் தட்டு வந்தது. அது தெரிந்த பிறகு அந்த பாஸை சும்மா கடந்து போக முடியவில்லை.

அப்புறம் போனஸ். அவையும் கெட்ட பாட்டுகள் இல்லை. சிங்கிளாக வந்தவற்றைத் தேடி அலையாமல் ஒரே தட்டில் கேட்க முடிவது நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பன்னிரண்டு பாட்டிலும் ஏறக்குறைய ஒரே வேகம், ஒரே குரல், ஒரே கிதார். அந்த அளவோடு விட்டால் காது தாங்கும். மேலும் மேலும் அதே ஒலி வரும்போது நல்ல பாட்டும் சலிக்கிறது. நேற்றும் அப்படித்தான். பாதிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு ரிமோட்டைத் தேடினேன்.

அதனால் நண்பருக்கு என் பதில்: குறுந்தட்டு வேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறாயே என்றார். புகழ்ந்தது பாட்டை, தட்டை இல்லை. 1984 இசைத்தட்டு எங்காவது கிடைத்தால் கொஞ்சம் கூட விலை கொடுத்தாவது வாங்கலாம். அதில் இரண்டு பக்கம் முடிந்தால் முடிந்ததுதான். விலை ரொம்ப ஏறிப்போயிருந்தால் முதல் ஆல்பத்தை வாங்கிக்கொள்ளட்டும், ‘மை ஷேடோ இன் வெய்ன்’ அதிலும் இருக்கிறது.