நன்றிப் பொத்தானா, பதக்கமா?

விக்கிப்பீடியாவில் எழுதுபவர்களுக்கு அது சம்பளம் தருவதில்லை. சக பயனரைப் பாராட்ட வழக்கமாக இரண்டு வழிகள் உண்டு: ஒன்று நன்றிப் பொத்தான், மற்றொன்று பதக்கம் என்னும் நட்சத்திரப் படம்.

பொத்தான் 2013இல் வந்தது. பக்க வரலாற்றில் தொகுப்புக்கு, அதாவது ஒருவர் செய்த மாற்றத்துக்கு, அருகிலேயே இருக்கும். அழுத்தி உறுதிசெய்தால் போதும், அந்த மாற்றத்தைச் செய்தவருக்கு அறிவிப்பு போய்விடும். யார் யாருக்கு நன்றி சொன்னார் என்பது பொதுப் பதிவில் தெரியும். எந்தத் தொகுப்புக்கு என்பது தெரியாது. ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தியவருக்குப் பதக்கமா கொடுக்க முடியும்? அங்கே இதுதான் சரி.

பதக்கத்தின் கதை பழையது. அமெரிக்கத் தானியக் களஞ்சியச் சுவர்களில் மாட்டும் நட்சத்திர அலங்காரத்தின் (பார்ன்ஸ்டார்) பெயரில், மீட்பால் விக்கி என்ற இன்னொரு விக்கித் தளத்தில் தொடங்கி, 2003இல் ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு வந்தது. ஊர் கூடிக் களஞ்சியம் கட்டும் வழக்கத்தை நினைவூட்டுகிற சின்னம். குழு தேவையில்லை, வாக்கெடுப்பு தேவையில்லை. எவரும் எவருடைய பேச்சுப் பக்கத்திலும் (அவருக்குச் செய்தி எழுதும் பக்கம்) இடலாம். ஆனால் எதற்காக என்று நாலு வரி எழுதவேண்டும். என் கணக்கில் பதக்கத்தின் மதிப்பே அந்த நாலு வரிதான். படத்தை மட்டும் ஒட்டிவிட்டுப் போனால், அதற்குப் பொத்தானே மேல்.

புதியவர் என்றால்? முதல் கட்டுரையில் சான்று இல்லை என்று வார்ப்புரு (எச்சரிக்கைப் பட்டை) விழுந்து நொந்து போயிருப்பவருக்கு, பொத்தானின் சத்தமில்லாத அறிவிப்பு பத்தாது. பதக்கம்கூட அப்புறம் கொடுக்கலாம். முதலில் அந்தச் சான்றைத் தேடிச் சேர்த்துவிட்டு, பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்.