குடும்ப வயலில் வீடு: விடுப்பில் டெல்டாவுக்குப் போகிறவர்கள் பார்த்துவர வேண்டியவை

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் குடும்ப வயலில் ஒரு வீடு கட்டும் எண்ணத்தோடு விமானம் ஏறுகிறவர்கள், விடுப்பில் பாதியைத் தாலுகா ஆபீஸ் வாசலில் கழித்துவிடுகிறார்கள். அவ்வளவு அலைச்சல் இப்போது தேவையில்லை. காகிதத்தில் பார்க்க வேண்டியதைப் பெரும்பாலும் இருக்கிற நாட்டிலிருந்தே பார்த்துவிடலாம். சில சேவைகளுக்கு ஓடிபி வரும் என்பதால் ஊர் சிம் மட்டும் உயிரோடு இருக்கட்டும்.

யார் பெயரில் நிலம் என்பதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகனும் சரி, ஓசிஐ அட்டை வைத்திருக்கும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரும் சரி, இந்தியாவில் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு எதையும் விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். "நான் இருக்கும்போதே உன் பேருக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிடுறேன்" என்பார் அப்பா. விவசாய நிலத்தைத் தானமாக வாங்குவதும் நமக்குத் தடைதான். உயில் வழியாக வந்தால் சிக்கல் இல்லை. பவர் பத்திரம் தேவையென்றால் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.

அடுத்து வருவாய்த் துறையின் இணையச் சேவை. பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) எல்லாம் அதில் கிடைக்கின்றன. பட்டாவில் பெயரைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள். உள்ள விஷயம் அ-பதிவேட்டில்தான். நன்செயா புன்செயா, பாசன ஆதாரம் எது, மண் வயனமும் ரகமும் (மண்ணின் வகையும் பிரிவும்) என்ன என்று அது சொல்லும். அதோடு சுற்றியுள்ள சர்வே எண்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பக்கத்து எண் வாய்க்கால் புறம்போக்கா, வடிகாலா, மயானமா என்பது அப்போதுதான் தெரியும். பாசன வாய்க்கால் ஓரமும் வடிகால் ஓரமும் ஒன்றல்ல. முதலாவதில் மதகை மூடினால் தண்ணீர் வரத்து நின்றுவிடும். வடிகாலிலோ ஊர்த் தண்ணீர் மொத்தமும் வந்து சேரும். கீழே ஆற்றில் வெள்ளம் ஏறினால் பின்னோக்கியும் தள்ளும்.

பரப்பைக் கணக்கிடும்போது பெரியவர்கள் குழி, மா என்பார்கள், பட்டா ஏர் கணக்கில் இருக்கும். ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, அதாவது ஏறக்குறைய 33 சென்ட். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், சுமார் இரண்டரை சென்ட். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்யாமல் ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம். உட்பிரிவுக்கும் எல்லை அளந்து காட்டவும் அரசு சர்வேயர்தான் வர வேண்டும். தனியார் சர்வேயர் நவீனக் கருவியோடு வந்து அழகாக வரைபடம் கொடுப்பார். உங்கள் தெளிவுக்கு அது உதவும், பங்காளி தகராறில் உதவாது. விண்ணப்பத்தை டிக்கெட் போடும்போதே கொடுத்துவிட்டால், விடுப்புக்குள் அளவை முடிய வாய்ப்பு உண்டு. வயல் நடவில் இருந்தால் சங்கிலி இழுக்க முடியாது. அறுவடை முடிந்த தரையில்தான் அது நடக்கும்.

நன்செயில் வீடு கட்ட நிலப் பயன்பாட்டு மாற்றம் வேண்டும். நகர் ஊரமைப்புச் சட்டப்படி அறிவித்த திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள கிராமங்களுக்கு 2017-ல் வந்த விதிகள் பொருந்தும்: அனுமதி தருவது உள்ளாட்சி அமைப்பு, அதற்கு முன் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் இசைவு, நன்செய் என்றால் மாவட்ட ஆட்சியரின் கருத்தும். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020 சட்டத்தைச் சொல்லிச் சிலர் பயமுறுத்துவார்கள். அது தடுப்பது எண்ணெய், எரிவாயுத் துளையிடல் போன்ற பட்டியலிட்ட தொழில்களை. சொந்த வீட்டை அல்ல. உண்மையில் கவனிக்க வேண்டியது ஈரநில விதிகள். வயல் அந்த விதிகளின் வரையறைக்குள் வராது. ஆனால் வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் போன்ற ராம்சர் தளங்களின் (சர்வதேச ஈரநிலப் பட்டியலில் உள்ளவை) ஓரத்தில் நிலம் இருந்தால், சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது.

கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வேலை இருக்கிறது: சில வருட அடங்கலை, அதாவது பயிர்க் கணக்கைக் கேளுங்கள். சம்பா பருவத்தில் அந்த எண்ணுக்கு நேரே அடிக்கடி தரிசு என்றிருந்தால் காரணத்தை விசாரியுங்கள். வெள்ள நிவாரணம் வாங்கிய புலமா என்றும் கேளுங்கள். 33 சதவீதமோ அதற்கு மேலோ பயிர் அழிந்தால்தான் நிவாரணம் என்பதால், அந்தப் பட்டியல் எந்தத் தரகரையும்விட நேர்மையான சாட்சி.

இனி நேரில். பள்ளி விடுமுறைக்கு வருகிறவர்கள் காய்ந்த வயலையோ குறுவை நாற்றையோதான் பார்ப்பார்கள். வயலின் உண்மை முகம் நவம்பரில்தான் தெரியும். அப்போது வர முடியாதவர்கள் 2008 நிஷா புயல் மழையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். வாய்ப்பேச்சாக அல்ல, பம்புசெட் சுவரிலோ கோயில் மதிலிலோ கைவைத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த இடத்திலிருந்து கொத்தனாரின் டியூப் மட்டத்தால் (தண்ணீர் நிரப்பிய குழாய்) உங்கள் வரப்புக்கு அளவை இழுத்துவிடலாம். வீட்டின் தரைமட்டம் அந்த வெள்ளக் கோட்டைவிட 2 அடி மேலே வர வேண்டும். சம்பும் கோரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிய மூலை, வருடத்தில் பல மாதம் ஈரம் காயாத மூலை. பழைய தெருக்கள் எல்லாம் ஆற்றங்கரைப் படுகை மேட்டிலும் மற்ற மேடுகளிலும் இருப்பது தற்செயல் அல்ல.

ஜேசிபி பிடித்து வீடு வரப்போகும் இடத்தில் 6 அடி ஆழத்துக்கு ஒரு குழி எடுங்கள். மண் அடுக்குகளைப் படம் பிடித்துவிட்டு, துளையிட்ட 4 அங்குல பிவிசி குழாயை நிறுத்தி மூடுங்கள். குழாய்க்குள் ஒரு அளவுக்கோல் விட்டு, அக்டோபர் முதல் ஜனவரி வரை வாரம் ஒருமுறை தண்ணீர் மட்டத்தைப் படமெடுத்து அனுப்ப ஊரில் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டால், நீங்கள் இல்லாமலே மழைக்கால நீர்மட்டம் கைக்கு வந்துவிடும்.

மண் பரிசோதனை என்றால் ஊரில் உரக் கணக்குக்கான மண்வள அட்டையை நினைத்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வேண்டியது துளையிட்டுச் செய்யும் பரிசோதனை: இரண்டு துளை, 6 முதல் 10 மீட்டர் ஆழம். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டும் என்று எண்ணுவார்கள். 4-க்குக் கீழ் என்றால் மெத்தென்ற களிமண். அறிக்கையில் தாங்குதிறன் எண் மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். துளையிட்ட தேதி, 24 மணி நேரம் கழித்து நீர்மட்டம், வீங்கு அளவு, குளோரைடு, சல்பேட் எல்லாம் இருக்க வேண்டும். வீங்கு அளவுச் சோதனை எளியது: சலித்த உலர்மண் 10 கிராமைத் தண்ணீரில் ஒன்றும் மண்ணெண்ணெயில் ஒன்றுமாகப் போட்டு 24 மணி நேரம் கழித்துப் பருமனை ஒப்பிடுவது. தண்ணீரில் 50 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக உப்பினால் சாதாரண அடித்தளம் வேண்டாம்.

ஊர்க் கொத்தனார்களின் வைத்தியம் 5 அடி தோண்டி ஆற்றுமணலைக் கொட்டுவது. கருங்களியில் அது கெடுதல்; மணல் மழைநீரைத் தேக்கி, சுற்றியுள்ள களியை இன்னும் ஊற வைக்கும். அண்டர் ரீம் பைல், அதாவது அடியில் குமிழ் வைத்த கான்கிரீட் தூண், 3.5 மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் போய், மேலே ஓடும் பீம் தரையிலிருந்து 80 மி.மீ. விலகி நின்றால், களி வீங்கினாலும் பீமை முட்டாது.

மேடாக்கும் செலவை எல்லோரும் குறைத்தே சொல்வார்கள். 50க்கு 60 அடி மேடை, 4 அடி உயரம் என்றால் 12,000 கன அடி, அதாவது 120 யூனிட். அமுக்கத்துக்குக் கால்பங்கு கூட்டினால் 150 யூனிட், 3 யூனிட் டிப்பரில் 50 நடை. தடுப்புச் சுவர் இல்லாமல் சரிவாக விட்டால் இன்னும் 30 யூனிட்டுக்கு மேல் பிடிக்கும். ஏரி வண்டலைக் கொட்ட விடாதீர்கள், அதுவும் களிதான். கிராவல் மண்ணை அரையடி அடுக்காகப் போட்டு உருட்ட வேண்டும். அந்த 4 அடி மண் சதுர மீட்டருக்கு 2 டன்னுக்கு மேல் எடை, அதாவது தரைத்தள வீட்டின் எடையைவிடக் கூடுதல். ஒரு மழைக்காலமாவது கிடந்து அமர்ந்த பிறகே கட்டடம் ஏற வேண்டும். வயலுக்கு வயல் பாயும் தண்ணீரை மேடு மறித்தால் பக்கத்துக்காரர் சும்மா இருக்க மாட்டார். 20 வருடம் தடையின்றிப் பாய்ந்திருந்தால் அது சட்டப்படி அவருடைய உரிமை. குழாய் பதித்து வழிவிடுங்கள்.

கடைசியாகக் கழிப்பறை. உறிஞ்சுகுழி வரும் ஆழத்தில் ஒரு சிறு குழி எடுத்து, இரவு முழுக்கத் தண்ணீர் நிரப்பி ஊற விட்டு, மறுநாள் நீர் 25 மி.மீ. இறங்க எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 60 நிமிடத்தைத் தாண்டினால் உறிஞ்சுகுழி வேலை செய்யாது. டெல்டாக் களியில் பெரும்பாலும் தாண்டும். அப்போது மூடிய செப்டிக் தொட்டி, மேல்நோக்கிப் பாயும் வடிகட்டி, அதன்பின் கல்வாழைப் பாத்தி என்று போக வேண்டும். வெளியேறும் குழாய் வெள்ளக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும், குடிநீர்க் கிணறு 18 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பிளாஸ்டிக் தொட்டி வைப்பவர்கள் அதைக் கான்கிரீட் பலகையோடு கட்டிவைக்க வேண்டும். மழைக்காலத்தில் லாரி வைத்துக் காலி செய்யவே கூடாது. நிலத்தடி நீர் காலித் தொட்டியைத் தூக்கி, இணைப்புக் குழாயை முறித்துவிடும்.