வெப்மின் பட்டனா, ஷெல் மெனுவா?

குன்னூர்ப் பக்கம் சின்னத் தேயிலைத் தொழிற்சாலைகளில் லினக்ஸ் சர்வர் ஒன்று ஓடும். அட்மின் தினமும் வரமாட்டார். பேக்கப், பிரிண்டர் ரீஸ்டார்ட் இரண்டையும் கணக்கரே செய்யும்படி மெனு வேண்டும். இரண்டு வழி: பிரவுசரிலிருந்தே சர்வரை நிர்வகிக்க உதவும் வெப்மினில் பட்டன் வைப்பது, இல்லையென்றால் ஷெல்லில், அதாவது கட்டளை தட்டும் கறுப்புத் திரையில், எழுத்து மெனு வைப்பது.

செலவு: இரண்டும் இலவசம்.

அமைப்பது: வெப்மினில் 'கஸ்டம் கமாண்ட்ஸ்' மாட்யூலில் படிவத்தை நிரப்பினால் பட்டன் தயார். ஷெல் மெனுவுக்கு விப்டெயில் (திரையில் மெனுப் பெட்டி காட்டும் கருவி), கேஸ் (தேர்வுக்கேற்ற வேலையை ஓட்டும் கட்டளை) இரண்டையும் வைத்து முப்பது வரி ஸ்கிரிப்ட் எழுத வேண்டும்.

பழகுவது: பட்டனுக்குப் பயிற்சியே வேண்டாம். கறுப்புத் திரையைப் பார்த்தாலே சிலர் கை எடுத்துவிடுவார்கள்.

மழைக்கால நெட்: இங்கேதான் ஷெல் மெனு ஜெயிக்கிறது. தொலைவிலிருந்து ஷெல்லுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் போவது வெறும் எழுத்து. ஆடி மாதச் சிக்னலுக்கும் தாங்கும். செஷனைச் சர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸுக்குள் ஓட்டினால் இணைப்பு அறுந்தாலும் பேக்கப் நிற்காது. மறக்காமல் செய்யுங்கள்.

பாதுகாப்பு: இதில் அவசரம் வேண்டாம். வெப்மின் வழக்கமாக 10000 என்ற போர்ட்டில் (இணைப்பு வரும் வாசல் எண்) இணைப்புக்குக் காத்திருக்கும். அதை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். கணக்கருக்குத் தனி வெப்மின் பயனர், அந்த ஒரு மாட்யூல் மட்டும், அவருக்கான கட்டளைகள் மட்டும். ஷெல் மெனுவில் கன்ட்ரோல்-சி அழுத்தினால் ஷெல்லுக்குள் விழுந்துவிடலாம். புரொஃபைலில் (லாகின் ஆனதும் ஓடும் கோப்பு) எக்ஸெக் போட்டு, அதாவது ஷெல்லின் இடத்திலேயே, மெனுவைத் தொடங்கினால் மெனு முடியும்போது செஷனும் முடியும். இன்னும் இறுக்கமாக வேண்டுமென்றால் எஸ்எஸ்எச் சர்வர் கான்ஃபிக்கில் ஃபோர்ஸ்கமாண்ட்: உள்ளே வருபவருக்கு அந்த ஒரு கட்டளைதான் ஓடும்.

சர்வர் இருக்கும் அலுவலகத்திலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு வெப்மின். கோத்தகிரியிலிருந்து ராத்திரி உள்ளே நுழைய வேண்டியவருக்கு ஷெல் மெனு. என் வாக்கு இரண்டாவதற்கே.